முந்நூற்றுப் பன்னிரண்டு கைகள்

வசுமதியின் திரை முதன்முதலாக அசைந்தது ஒரு மே மாதப் பகலில். அவளும் தெய்வானையும் தரையில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வெப்பம் ஏறிக்கொண்டே போய் மனித உடம்பின் சூட்டைத் தாண்டியிருந்தது.

முதலில் மேல் வரிசையில் ஒரு கை மட்டும் மடங்கியது. காற்று என்று நினைத்தாள் வசுமதி. அடுத்து அதன் பக்கத்துக் கை. பிறகு வரிசை வரிசையாக, மழை இறங்குவதுபோல, திரை முழுவதும் அசையத் தொடங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு வெறும் கைகளும் இல்லாத துணியை இல்லாத ஊசிக்கு நேராகத் தள்ளின, திருப்பின, இழுத்தன, மறுபடி தள்ளின. சத்தமே இல்லை.

தெய்வானை சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டாள்.

"ஏனுங் அம்மிணி, வெளிய வாங்க! அதுகளெல்லாந் தைக்குதுங்க!"

வசுமதி துணியில் சிற்பம் செய்கிறவள். நல்ல துணியை அவள் தொட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கழிவிலிருந்து வந்த சலைன் குழாய்களைப் பின்னிப் பாய் செய்திருந்தாள். பழைய எக்ஸ்ரே படங்களைக் கீறி நெய்த கம்பளம் ஒன்றைக் கொச்சியில் வைத்தபோது ஆட்கள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். திருப்பூருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு சாயப்பட்டறைதான் அவளுடைய வேலைக்கூடம். அந்த வருடம் வேஸ்ட் குடோனில் மூட்டை மூட்டையாகத் துணைக்கைகள் வந்து விழுந்தன. ஒரு பனியன் கம்பெனி அத்தனையையும் ஒரே நாளில் கழித்துக் கட்டியிருந்தது.

துணைக்கை என்பது தோளிலிருந்து உள்ளங்கை வரை இறுக்கமாகப் போடும் ஒரு சாம்பல் நிற உறை. தையல்காரர்கள் வலது கையில் மாட்டிக்கொள்வார்கள். அதன் நூல் சுருங்கும், விரியும். போட்டிருப்பவரின் கை எப்படிப் போய்வருகிறது என்று இரண்டு மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு, பிறகு அதுவே அந்தக் கையைத் தாங்கி நடத்தும். தோள் வலி குறைந்தது. அதனால் ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்டானது. பிறகு முழுக்க இயந்திரமே தைக்கும் காலம் வந்தது. ஆட்களையும் துணைக்கைகளையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கம்பெனியில் பதினாறு வருடம் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டிய தெய்வானை இப்போது வசுமதியிடம் வேலை செய்தாள். மீன் வலை ஒன்றை விரித்து, துணைக்கைகளைத் தோள் பக்கம் மேலாக வைத்து ஒவ்வொன்றாக அதில் தைத்துத் தொங்கவிட்டவள் அவள்தான்.

அந்த நூலை உருவாக்கிய குழுவில் இருந்த முகுந்தன் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். வசுமதி கூப்பிட்டதும் மறுநாளே வந்தான். மதிய வெயிலில் திரை தைப்பதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"பேட்டரி இருக்குதா உள்ளே?" என்றாள் வசுமதி.

"இல்லைங்க. சூட்டுலயே ஓடும். ஆள் போட்டிருக்கிறப்ப உடம்புச் சூடு. இப்ப உங்க கூரை."

"அப்ப இதுக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்லலாமா?"

"ஞாபகம்னு சொல்ல மாட்டேன். நூலுக்கு மூளை கிடையாது. பழக்கம் இருக்கு. ஒரே மாதிரி பல லட்சம் தடவை மடங்கினதால முறுக்கு அப்படியே நின்னுபோச்சு. நம்ம செருப்பு நம்ம காலுக்குத் தேயற மாதிரி."

இரண்டு நாளில் தெய்வானைக்குப் பயம் விட்டுப்போயிற்று. கைகளை அடையாளம் காணக்கூடத் தொடங்கினாள். "இது ராஜாமணிங்க. பீஸ் முடிஞ்சா தோள ஒரு வெட்டு வெட்டுவா. அந்தக் கோடியில இருக்கறது பாக்கியம். எப்பவும் அவசரம் அவளுக்கு." தன்னுடையதையும் காட்டினாள். அது நிதானமாக, கொஞ்சம் சோம்பலாகத் தைத்துக்கொண்டிருந்தது. வசுமதி சிரித்தாள்.

நடு வரிசையில் ஒரு கை, துணியைத் தள்ளி முடித்ததும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டியது. குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல. ஒவ்வொரு முறையும் இரண்டு தட்டு.

"இது யாரு அக்கா?"

"தெரிலீங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள் தெய்வானை.

ஆகஸ்டில் கோயம்புத்தூரில் கண்காட்சி. கூடத்தின் ஏசியை நிறுத்திவிட்டு, திரைக்குப் பின்னால் சூடான விளக்குகளை வைத்தார்கள். முதல் நாள் மாலை நான்கு மணிக்கு, பழைய தையல்காரர்கள் முப்பது நாற்பது பேர் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். முதலில் ஒரே சிரிப்பு. "ஏ, என்ற கையப் பாரு!" என்று கத்தினாள் ஒருத்தி. ராஜாமணி தன்னுடைய துணைக்கையின் முன்னால் நின்று அதோடு சேர்ந்து தோளை வெட்டிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. ஒவ்வொருத்தியும் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்பதை வசுமதி பார்த்தாள்.

அவர்களை ஏற்றி வந்த வேனின் டிரைவர் கடைசியாக உள்ளே வந்தான். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை. நடு வரிசைக்கு நேராக வந்ததும் நின்றவன் அப்புறம் நகரவில்லை. ஆட்கள் கலைந்து கூடம் காலியான பிறகும் அங்கேயே நின்றான்.

வசுமதி பக்கத்தில் போனாள். "உங்களுக்குத் தெரிஞ்சவங்க கைங்களா?"

"என்ற ஊட்டுக்காரிங்க" என்றான் அவன். "அம்சவேணி. கதவச் சாத்துனா ரெண்டு தட்டுத் தட்டுவா. மாவு பெசஞ்சாலும் ரெண்டு தட்டு. பொறப்புட்டு வண்டி ஏறும்போது என்ற முதுகுலயும்."

அந்தக் கை இரண்டு தட்டுத் தட்டியது. அவன் கண்ணை மூடித் திறந்தான்.

அவன் பெயர் குப்புராஜ். நடந்ததை அங்கேயே, திரையைப் பார்த்தபடியே சொன்னான். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, நாலே முக்கால் மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பக்கத்துத் தெருவில்தான் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். எதிர் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்னால் போய்விட்டான். நாலு நாற்பது வரைக்கும் நன்றாகத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், டீக்கு மணி அடித்ததும் சாய்ந்துவிட்டாள், மாரடைப்பு என்றார்கள். கம்பெனியின் கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. நாலு நாற்பது வரை ஒரு பீஸ் குறையவில்லை.

"நாந் தொட்டுப் பாத்தனுங்க. மொகம் சில்லுன்னு இருந்துச்சு. காலு சில்லுன்னு இருந்துச்சு. இந்த வலது கை மட்டும் சுடச்சுட இருந்துச்சுங்க. பத்து நிமிசத்துல ஒரு மனுசி அப்புடிச் சில்லிட்டுப் போவாளுங்களா? யாருகிட்டக் கேட்டாலும், ஏசி ரூம்புப்பான்னு சொல்லிப்போட்டாங்க."

வசுமதி அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மாலையே முகுந்தனை வரச் சொன்னாள்.

அவன் குப்புராஜின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "கை அடிக்கடி நின்னுபோகாம இருக்கணும்னு கம்பெனி கேட்டுச்சுங்க. ஆள் கொஞ்சம் அசந்தாலோ, பேச்சுக் கொடுத்தாலோ கை நின்னுடுது, அதைச் சரி பண்ணுங்கன்னாங்க. நாங்க சரி பண்ணினோம். கை தளர்ந்தாலும் துணைக்கை தொடர்ந்து நடத்தும். மடங்கி மடங்கி அந்தக் கையைச் சூடாவே வச்சிருக்கும்."

"எவ்வளவு நேரம்?" என்றாள் வசுமதி.

"அதுக்கு அளவு வைக்கலைங்க. வச்சிருக்கணும்."

கம்பெனி மெஷினில் துணி தானாக வரும், தானாகப் போகும். வலது கை திருப்பிக் கொடுத்தால் போதும். அதற்குமேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இதுல இருக்குங்களா?" என்று கேட்டான் குப்புராஜ்.

இருக்கும் என்றான் முகுந்தன். கடைசியாகப் போட்ட நாள் மட்டும் உள்நூலில் பதிந்திருக்கும். ஆனால் அதைப் படிக்க, நூலை முனையிலிருந்து பிரித்து, ஒவ்வொரு முழமாகச் சூடாக்கி ஓட்ட வேண்டும். ஓட்டிய நூல் அப்புறம் வெறும் நூல். அசையாது. தட்டாது.

குப்புராஜ் யோசித்துச் சொல்வதாகப் போனான். பிறகு தினமும் வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காக்கிச் சட்டையோடு பதினோரு மணி வாக்கில் வருவான். நடு வரிசையின் முன்னால் நிற்பான். யாரும் பார்க்காதபோது கையை நீட்டி அந்த வெற்று உள்ளங்கைக்குக் கீழே வைப்பான். அது இரண்டு தட்டுத் தட்டும். பதினெட்டு நாள் இப்படி.

அந்த நாட்களில் வசுமதி தன்னைப் பற்றித் தெரிந்துகொண்ட ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று திரையைக் கேட்டிருந்தது. ஒரு கைகூடக் குறையாமல், அசைவோடு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நிற்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அப்படிப் பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் அவன் சொன்னான். "பிரிச்சிருங்க மேடம். இது அவ மாதிரியே தட்டுது. ஆனா அவ இல்லீங்களே. அவளுக்கு என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கோணும்."

வேலைக்கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். காலை பத்து மணி. நூல் அறாமல் பிரிக்கக்கூடிய விரல் தெய்வானைக்கு மட்டும்தான் உண்டு. முதலில் மாட்டேன் என்றாள். கண் சரியில்லை என்றாள், விரல் நடுங்குகிறது என்றாள். குப்புராஜ், "அக்கா, நீங்க அவளுக்குப் பக்கத்து மெசின்ல இருந்தவங்க. நீங்களே செய்யுங்க" என்றதும் ஊசியை எடுத்தாள்.

அவள் சன்னலைப் பார்த்து உட்கார்ந்து பிரித்தாள். அவளுக்குப் பின்னால் மேசையில் முகுந்தனின் சிறிய கருவி நூலை இழுத்துச் சூடாக்கித் தள்ளியது. அதன் பக்கத்தில் கணினித் திரை. குப்புராஜும் வசுமதியும் அதன் முன்னால் நின்றார்கள்.

"மேல ஓடற கோடு அவங்க கையோட சொந்த பலம்" என்றான் முகுந்தன். "நடுவுல இருக்கறது துணைக்கை போட்ட பலம். கீழ சின்னதா துடிக்குதே, அது மணிக்கட்டு நாடி."

"நாடியும் இதுல பதியுதுங்களா?" என்று வியந்தாள் வசுமதி.

"பதியுது. பதிஞ்சதைப் பார்க்கத்தான் ஆள் வைக்கலை."

காலை ஷிப்ட் ஓடியது. சாப்பாட்டு நேரம் ஓடியது. மதியம் மூன்று பத்துக்கு, மேலே ஓடிய கோடு சட்டென்று தட்டையாயிற்று. நடுக் கோடு உயர்ந்தது.

"இங்கதான்" என்றான் முகுந்தன் தாழ்ந்த குரலில். "இதுக்கு அப்புறம் அவங்க கை எதுவும் செய்யலை. எல்லாம் துணைக்கைதான். பீஸ் குறையலைன்னா, நாலு நாற்பது வரைக்கும்."

குப்புராஜ் மேசையைப் பிடித்துக்கொண்டான். ஒன்றரை மணி நேரம். நூல் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று இருபத்தைந்தில் கோடுகள் மூன்றும் ஒரு குலுக்குக் குலுங்கின.

"இது என்னங்க?"

முகுந்தன் நிறுத்திப் பார்த்தான். "வெளியிலிருந்து யாரோ தொட்டிருக்காங்க. கையைத் தூக்கி, மெஷினுக்கு நேரா எடுத்து வச்சிருக்காங்க. அப்புறம் முழங்கைக்கு அடியில ஏதோ அண்டக் கொடுத்திருக்காங்க. துணி மாதிரி." அவன் குழம்பினான். "ஆள் சாய்ஞ்சிருக்கறதைப் பார்த்தும் எழுப்பாம, எதுக்கு இப்படி..."

சன்னல் பக்கம் ஊசி நின்றுவிட்டது.

"நாந்தானுங்க" என்றாள் தெய்வானை. திரும்பவில்லை.

அப்படியே பேசிக்கொண்டு போனாள். வார்த்தைகள் பல வருடம் வாய்க்குள் கிடந்து தேய்ந்தவைபோல வந்தன.

"நாங்க எல்லாருமே அப்புடித் தூங்குவமுங்க. ரெண்டு சிப்ட்டு ஓட்ட முடியாதுங்க. கை பாட்டுக்குத் தைக்கும். இடது கையில தலயச் சாச்சுக்கிட்டு சித்த நேரம் கண்ணசருவோம். பக்கத்துல இருக்கறவ பாத்துக்குவா. கை கோணலாப் போனா நேரா எடுத்து வெப்பா. சூப்பர்வைசர் வந்தா காலத் தட்டுவா. ஒருத்தருக்கொருத்தர் செஞ்சுக்கற ஒத்தாசைங்க அது. முந்தின நாளு நாந் தூங்கினேன், அம்சா பாத்துக்கிட்டா. அன்னைக்கு அவ தல சாஞ்சுது. பாவம், ராத்திரியெல்லாம் புள்ளைக்குக் காச்சல்னு சொன்னாளே, தூங்கட்டும்னு விட்டுட்டேன். கை தளந்து போச்சேன்னு எடுத்து நேரா வெச்சு, பீஸ்துணிய மடிச்சு முழங்கைக்கு அண்டக் குடுத்தேன். ரெண்டு தடவ சூப்பர்வைசர் வந்தப்பக்கூட மறச்சு நின்னுக்கிட்டேனுங்க. டீக்கு மணி அடிச்சப்பத்தான் கூப்புட்டேன்."

"அஞ்சு வருசமா ஏனக்கா சொல்லல?" என்றான் குப்புராஜ். அவன் குரலில் கோபம் இன்னும் வரவில்லை.

"சொன்னா தூங்கறது தெரிஞ்சிரும். முந்நூறு பேரு பொழப்பும் போயிரும்னு எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டோம். அப்புறம் பொழப்பே போச்சு. அப்பவும் வாய் வரலைங்க." அவள் மடியில் கிடந்த சாம்பல் நூலை இறுக்கிப் பிடித்திருந்தாள். "தம்பி, அந்தச் சார்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. நாந் தொட்டப்ப அவ இருந்தாளா?"

வசுமதி கணினித் திரையைப் பார்த்தாள். முகுந்தனும் பார்த்தான். குப்புராஜ் இருவருக்கும் முன்பே பார்த்துவிட்டிருந்தான்.

மூன்று இருபத்தைந்தில் மேல் கோடு தட்டையாகக் கிடந்தது. கீழ்க் கோடு சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல், துடித்துக்கொண்டுதான் இருந்தது. முகுந்தன் மறுபடி ஓட்டிவிட, பிரித்துக் கிடந்த நூல் மெதுவாக ஊர்ந்தது. மூன்று முப்பதில் துடித்தது. மூன்று முப்பத்தைந்தில் துடித்தது. மூன்று நாற்பத்தொன்று வரை துடித்து, பிறகு நின்றது. கம்பெனிக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

முகுந்தன் வாயைத் திறந்தான். குப்புராஜ் அவன் தோளில் கை வைத்தான். அழுத்திய அழுத்தில் முகுந்தன் நாற்காலியோடு கொஞ்சம் நகர்ந்தான்.

"இல்லீங்கக்கா" என்றான் குப்புராஜ். "மூணு பத்துக்கே முடிஞ்சுபோச்சாமா. நீங்க தொட்டப்ப அவ போயிட்டா."

தெய்வானை முதுகு குலுங்க அழுதாள். அவன் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவள் மடியிலிருந்த நூலை எடுத்து, அவிழ்ந்து கிடந்ததைச் சுற்றிச் சுற்றி ஒரு உருண்டையாக்கினான். பிரிக்காமல் மிச்சமிருந்தது தோள் பக்கத்தில் ஒரு சாண் துணி மட்டும்.

வெளியே வேனருகில் வைத்து, அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னான்.

"உங்களுக்கு இருக்கற ஒரே சாட்சி அது" என்றாள் வசுமதி. "கம்பெனி தப்பிச்சிரும்."

"அதக் கொண்டுபோய்க் குடுத்தா மொதல்ல என்ன கேப்பாங்க மேடம்? யாரு கைய நேரா வெச்சதுன்னு கேப்பாங்க. கம்பெனிக்காரன் அந்தக்காவத்தான் காட்டிக் குடுப்பான். அந்தக்கா அந்தப் பதினஞ்சு நிமிசத்தத் தெரிஞ்சுக்கும். அப்புறம் அது இருக்குமுங்களா?" அவன் வேன் கதவைத் திறந்தான். ஏறவில்லை. "என்னால அந்தக்காவ மன்னிக்க முடியுமான்னு இன்னும் எனக்கே தெரிலீங்க. அதுக்காகக் கொல்ல முடியாதுங்களே."

முகுந்தன் அழித்தான். வசுமதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தான்.

விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தெய்வானை தானாகவே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். ராஜாமணியும் பாக்கியமும் இன்னும் இருபத்திரண்டு பேரும் பின்னால் போனார்கள். நாங்களும் தூங்கினோம், கை தைத்தது என்று ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போட்டாள். முகுந்தன், அளவு வைக்காதது தங்கள் குழுவின் தவறு என்று எழுதிக் கொடுத்து, அதனால் கல்லூரி வேலையை இழந்தான். விசாரணை இன்னும் நடக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் மீன் பதப்படுத்தும் இடங்களில் இன்னும் துணைக்கைகள் ஓடுவதாகத் தெரிந்து, ஒரு நிமிடம் கை தளர்ந்தால் நின்றுவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. அங்கே சில பெண்கள் அதற்காகத் தெய்வானையையும் மற்றவர்களையும் திட்டியதாகவும் கேள்வி. இனி அவர்களுக்குத் தூக்கம் கிடையாது.

அருங்காட்சியகத்துக்கு வசுமதி முடியாது என்று எழுதிவிட்டாள். திரை வேலைக்கூடத்திலேயே தொங்குகிறது. வெயில் ஏறும் முன்பே அதன்மேல் ஈரச் சாக்குகளைப் போட்டுவிடுகிறாள். சொந்தக்காரர்கள் வந்து கேட்டால் அவரவர் கையைப் பிரித்துக் கொடுக்கிறாள். குப்புராஜ் அதற்கப்புறம் வரவில்லை. தீபாவளிக்குத் தெய்வானை வீட்டுக்கு ஒரு பெட்டி இனிப்பை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தான்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் தெய்வானை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியவள், பஞ்சுமூட்டை ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"அஞ்சு வருசமாப் பகல்ல கண்ண மூடுனதில்லீங்க அம்மிணி. மூடுனா அவ தல சாயறது தெரியும். நாந் தொடறப்பவே அவ போயிட்டாள்னு தெரிஞ்சப்பறந்தான் நெஞ்சு லேசாச்சு. சித்த நேரம் படுத்துக்கறேனுங்க."

"படுங்க அக்கா" என்றாள் வசுமதி.

தெய்வானை சுவர்ப் பக்கம் திரும்பி, இடது கையில் தலையைச் சாய்த்துப் படுத்தாள். உடனே தூங்கிப்போனாள். வசுமதி மேசைக்குத் திரும்பி ஊசியில் நூலைக் கோத்தாள். இரண்டு தையல் போட்டாள். பிறகு ஊசியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போய், தெய்வானையின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். புடவையின் மடிப்பு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தாள்.